சுவருக்குக் காய்ச்சல்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? வீட்டில் உன் மனைவி சுகமா? மகளின் பரீட்சையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் பாதியில் விட்டுவிட்டாய். பாஸா ஃபெயிலா என்று தெரியாமல், சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இரண்டு வாரமாக நிற்கிறேன்.

உன் கையெழுத்தின் வால் இந்த முறை உறையின் ஓரம் வரை ஓடியிருந்தது. தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது பேருக்கு வாலா, வாலுக்குப் பேராம்மா?" என்று கேட்டார். ஒன்பது வயதில் ஆரம்பித்த வால். இன்னும் நீ அதை நறுக்கவில்லை.

விஷயம் இதுதான். நேற்று ஒரு விற்பனைக்காரர் வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற சூரியன் படம். வந்தவுடன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தைகள் ஒன்பது பேரையும் சிரிக்க வைத்துவிட்டார். வீட்டிலேயே இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கி ஆறு வருடத்தில், மத்தியானத் தூக்கத்துக்கு முன் அவர்களை அப்படி ஒரே இடத்தில் உட்கார வைக்க என்னால் முடிந்ததில்லை. "கூரை சும்மாதானே கிடக்கு அக்கா? அது சம்பாதிச்சுப் போடட்டுமே" என்றார். சூரிய மின்சாரத் தகடுகள் மாட்டுவார்களாம், கரன்ட் பில் கால்வாசி ஆகிவிடுமாம். கையில் வைத்திருந்த பலகை மாதிரிக் கம்ப்யூட்டரில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போட்ட பிறகுதான், அது இருபது வருட ஒப்பந்தம் என்று சொன்னார்.

என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார் போல. "பத்து நாளுக்குள்ள வேண்டாம்னா எழுதிக் கொடுத்துடலாம், சட்டமே இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சதில்ல" என்றார்.

நீ லைசென்ஸ் வாங்கிய எலெக்ட்ரீஷியன். கூரையிலிருந்து விழுந்து முட்டி போன பிறகு ஆபீஸ் நாற்காலியில் காகிதம் பார்க்கிறாய் என்றாலும், தொழில் மறந்திருக்காது. நல்லதா கெட்டதா, ஒரு வார்த்தை எழுது. பன்னிரண்டாம் தேதி வரை நேரம் இருக்கிறது. கடிதம் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். கணக்கு இடிக்கிறது, தெரியும். ஆனால் சில சமயம் நாலே நாளில் வந்துவிடுகிறது.

போன் செய்யலாமே என்று நினைப்பாய். அப்பா போன பிறகு இந்த வீட்டுக்காக நாம் போனில் கத்திக்கொண்டதை நான் மறக்கவில்லை. 'போனில் வாய் முந்துகிறது, கடிதத்தில் கை யோசிக்கிறது' என்று எழுதியது நீதான். சாவுச் செய்திக்கு மட்டும் போன் என்று சட்டம் போட்டோம். நாலு வருடமாக மணி அடிக்கவில்லை. நம் சட்டம் நம் சட்டமாகவே இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். மகள் பாஸ். நீ தாராளமாகச் சந்தோஷப்படலாம். முட்டி, படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது.

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. ஆபீஸில் வேலை கழுத்தை நெரித்தது, உடனே எழுத உட்கார முடியவில்லை. மன்னித்துக்கொள்.

அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். எல்லாக் கம்பெனியும் அநேகமாக ஒரே மாதிரிதான் அக்கா. சூரிய மின்சாரம் நல்ல விஷயம். மாட்டுகிறவர்கள் ஒழுங்காக மாட்டினால் ஒரு குறையும் வராது. அவர்கள் வரும்போது நீ பக்கத்தில் நின்று பார்.

தேதியும் தாண்டிவிட்டது. இனி யோசித்து என்ன ஆகப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். காற்று மாறுகிற நேரம், குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் மகளுக்கு என் முத்தம். ஒன்பது குழந்தைகளும் கோரஸாக 'பாஸ்' என்று கத்தினார்கள், யாரென்று தெரியாமலே.

உன் பதில் பத்தொன்பதாம் தேதிதான் வந்தது. அது வருவதற்குள் கம்பெனி ஒப்பந்தம் தபாலில் வந்துவிட்டது. நாற்பது பக்கம். பத்து நாள் சமாச்சாரம் முப்பத்தொன்றாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில் இருக்கிறது. நீ 'யோசித்து என்ன ஆகப்போகிறது' என்று எழுதியதும் எனக்கே நிம்மதியாகிவிட்டது. தெரிந்தவன் சொன்னால் சரி.

போன வாரம் இரண்டு பேர் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். நீ சொன்னபடி பக்கத்தில் நிற்கத்தான் பார்த்தேன். காலை ஒன்பதுக்கு ஏறினார்கள், பதினொன்றரைக்கு இறங்கிவிட்டார்கள். நான் ஒருத்திக்கு ஜட்டி மாற்றி, இன்னொருத்தன் மூக்கிலிருந்து பட்டாணியை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. கூரையிலிருந்து கம்பி சுவருக்குள் இறங்கி, நடைவழியில் மாட்டிய ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போகிறது. உனக்குத் தெரியுமே, போன் இருக்கும் முக்காலிக்கு மேலே. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் அறை.

பெட்டி பகல் முழுக்க முனகுகிறது. முதலில் குழந்தைகள் பயந்தார்கள், பிறகு அதற்கும் 'தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பூனைக்குட்டிக்கு மட்டும் அதன்மேல் தனிப் பாசம். முன்பே எழுதியிருக்கிறேனே, நாங்கள் அப்படிக் கூப்பிடுகிற மூன்று வயதுச் சிறுமி, எங்கே கதகதப்பு இருக்கிறதோ அங்கே போய்ச் சுருண்டுகொள்வாள். இப்போது அந்தச் சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "அத்தை, சுவருக்குக் காய்ச்சல்" என்றாள்.

நான் சிரித்தேன். பிறகு கை வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. வெயில் பட்ட சுவர் என்று நினைத்துக்கொண்டேன். அது வெயில் படாத சுவர் என்பது ராத்திரி படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது.

இது வழக்கம்தானா? சொல்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

சுகம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. ஆபீஸுக்குப் போகாமல் எழுதுகிறேன்.

இன்றைக்கே குழந்தைகளின் படுக்கையை முன் அறைக்கு மாற்றிவிடு. அந்தச் சுவரில் துணி, பஞ்சு, பொம்மை எதுவும் சாய்ந்திருக்க வேண்டாம். கூரையில் கம்பி ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிற இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, அல்லது தகர விளிம்பிலேயே கம்பி உராய்கிறதா? யாரையாவது ஏணி வைத்துப் பார்க்கச் சொல். நீ ஏறாதே. வீட்டுக்கு வெளியே தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்தார்களா? வேலை முடிந்த பிறகு சோதனைக்கு என்று யாராவது வந்தார்களா?

பயப்பட ஒன்றுமில்லை. சும்மா கேட்கிறேன். பூனைக்குட்டியை மட்டும் அந்தப் பக்கம் விடாதே.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் பழக்கம். எழுதிவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நம் வீட்டில் அப்பா அந்த வார்த்தையைச் சொன்ன நாளெல்லாம் ஏதாவது நடந்தது.

படுக்கைகளை மாற்றிவிட்டேன். எதிர்வீட்டுத் தச்சர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ரப்பர் வளையம் எதுவும் இல்லை. "தகரம் கம்பியைக் கடிச்சிட்டு நிக்குது அக்கா, உள்ளே செம்பு தெரியுது" என்றார். வெளியே தனி ஸ்விட்ச் இல்லை. நடைவழிச் சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு வந்திருக்கிறது. மத்தியானத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை லேசாக வருகிறது. வாடை எனக்கு மட்டும் வருகிறதா என்று சந்தேகப்பட்டு, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாயை மோந்து பார்க்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மோந்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

விற்பனைக்காரரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. கம்பெனிக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்கிறது. நாற்பது நிமிடம் கழித்துப் பேசிய பெண், "உங்க வீட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் குடுத்தாச்சு மேடம், கோளாறுன்னா அது உங்க சுவர்லதான் இருக்கணும்" என்றாள். சோதனைக்கு யாரும் வரவில்லை என்றேன். "வந்திருக்காங்க மேடம், கையெழுத்து இருக்கே" என்றாள்.

அந்தச் சான்றிதழ் அடுத்த நாள் தபாலில் வந்தது. மார்ச் 30 அன்று கூரை மேல் நேரில் ஏறிச் சோதித்ததாக எழுதியிருக்கிறது. கீழே பெயர் அச்சாகவில்லை. லைசென்ஸ் எண் மட்டும். அதற்கு மேல் நீல மையில் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் புறப்பட்டு, பின்னால் திரும்பி, பெயர் முழுவதற்கும் அடியில் ஓடி, ஓரத்தில் கொக்கி போட்டு நிற்கிறது.

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நகல் கிடைத்தது.

தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பெட்டியில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் பெட்டிதான் அணையும். கூரையிலிருந்து பெட்டி வரை வருகிற கம்பி அணையாது. தகட்டின்மேல் வெளிச்சம் விழுகிற வரைக்கும் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும். அதை நிறுத்த ஒரே வழி வெளிச்சத்தை நிறுத்துவதுதான். விடிவதற்கு முன், தச்சரை ஏற்றி, தகடுகள் மேல் கனமான கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டச் சொல். பிறகு பெட்டி ஸ்விட்சை அணை. சுவரில் ஈரம் படக்கூடாது. வாடை வந்தால் தண்ணீர் ஊற்றாதே. மணல் ஒரு வாளி வைத்துக்கொள்.

வேறு யாரையும் தொட விடாதே.

இங்கே வெயில் ஜாஸ்தி. மகள் உன்னைக் கேட்டாள்.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் மகளுக்கு அத்தையின் அன்பு. நீ சொன்னபடியே தார்ப்பாய் போட்டோம். பெட்டியின் முனகல் நின்றது. சுவர் ஆறியது. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். தூக்கம் இவ்வளவு ருசி என்று மறந்தே போயிருந்தது.

அதற்குள் கம்பெனிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கரன்ட் வரவில்லை என்றால் அவர்கள் கம்ப்யூட்டரில் காட்டுமாம். ஒரு ஆள் வந்தான். தார்ப்பாயை இழுத்துப் போட்டான், பெட்டியை ஓடவிட்டான், ஸ்விட்சின் மேல் காகிதத்தில் ஒரு முத்திரை ஒட்டினான். "இத உடைச்சா ஒப்பந்தத்த மீறினதா ஆயிடும். வீட்டு மேல வழக்கு வரும். இருபது வருஷத்துக்குக் கூரை எங்களோடது" என்றான். அவன் என்னைவிட இருபது வயது சின்னவன். நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? 'சரிங்க' என்றேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

காப்பகத்தை மூடிப் பார்த்தேன். இரண்டாம் நாளே தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் ஆயா, ஒருத்தி தையல் ஆலை. லீவு எடுத்தால் வேலை போய்விடும். சுவரைக் காட்டினேன். "முன் ரூம்லயே வெச்சுக்குங்கக்கா, நாங்க யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார்கள். திறந்துவிட்டேன். வாசல் கதவைச் சாத்துவதே இல்லை.

நுகர்வோர் குறைதீர்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா, நாற்பது பக்கத்தையும் என் எதிரிலேயே படித்தார். பத்து நாள் தாண்டிவிட்டதால் அந்த வழி அடைபட்டது என்றார். ஆனால் இன்னொரு வழி இருக்கிறதாம். லைசென்ஸ் உள்ளவர் நேரில் ஏறிச் சோதிக்காமல் சான்றிதழ் கொடுத்திருந்தால், ஒப்பந்தம் எந்த நாளிலும் செல்லாது. அன்றைக்கே தகடுகளை இறக்க உத்தரவு போடலாம்.

"சட்டம் உங்க பக்கம்தாம்மா. ஆனா, யாரும் வரலன்னு நீங்க சொல்றீங்க, வந்தோம்னு காகிதம் சொல்லுது. காகிதம்தான் ஜெயிக்கும். கையெழுத்துப் போட்டவரே வந்து 'நான் ஏறல'ன்னு எழுதிக் குடுத்தா ஒரே நாள் வேலை" என்றார். லைசென்ஸ் எண்ணை வைத்து ஆளைத் தேட அவர்களுக்கு மூன்று மாதம் ஆகுமாம்.

தம்பி, நீ அந்தத் தொழிலில் இருந்தவன். அப்படிப்பட்ட ஒரு மனிதன் தானாக வந்து எழுதிக் கொடுப்பானா? அவனுக்கு என்ன பயமாக இருக்கும்? எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. பெட்டி மறுபடியும் முனக ஆரம்பித்துவிட்டது.

உடனே எழுது. இந்த முறை உடனே.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீயும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முட்டி வலி.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். அப்படிப்பட்டவனுக்கும் குடும்பம் இருக்கும் அக்கா. லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டுக்காக வாய் திறந்தால் எல்லா வீட்டுக்கும் திறக்க வேண்டிவரும். ஜெயில்கூட வரலாம். அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலொடிந்து கிடந்தபோது அவனுக்கு நாற்காலி கொடுத்தவர்களை எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லாதவனாக இருக்கலாம்.

மூன்று மாதத்தில் அலுவலகமே கண்டுபிடித்துவிடுமே. அதுவரை முன் அறையிலேயே இருங்கள். மேகம் போட்டிருக்கிற நாளில் பயம் குறைவு.

தம்பி


ஜூன் 20

தம்பி,

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு.

பதினைந்தாம் தேதி. மேகம் இல்லாத நாள். மத்தியானம் ஒன்றரை. குழந்தைகள் முன் அறையில் தூங்கினார்கள். நான் பின்னால் துணி காயப்போட்டேன். பெட்டி முனகுவது நின்றது. நின்றதுதான் எனக்குக் கேட்டது.

நடைவழி முழுக்கப் புகை. சுவருக்குள்ளிருந்து சடசடவென்று சத்தம். குழந்தைகளைத் தூக்கித் தூக்கித் தெருவில் வைத்தேன். தச்சர் ஓடி வந்தார். எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு.

எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கால் நகரவில்லை. ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய தூங்கும் அறையில், சுவரில் கன்னத்தை வைத்துச் சுருண்டிருந்தாள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து போயிருக்கிறாள். கதகதப்புத் தேடி. கதவின் பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. அதைப் பிடித்த கைதான் இது.

பிழைத்துவிட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி என்றார்கள். மூச்சு வாங்குகிறது. இன்னும் பேசவில்லை.

அதிகாரி அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். சான்றிதழைக் காட்டி, "இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

உன் ஒன்பது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வால் அது. ஏப்ரலிலேயே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். உன் வாயால் பொய் கேட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அந்த முக்காலி கருகியும் போன் உருகியும் கிடந்தன. கடைசி வரை அதுவும் அடிக்கவில்லை. நீயும் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை.

அக்கா


ஜூன் 25

நுகர்வோர் குறைதீர்க்கும் அலுவலகத்துக்கு. நகல், அக்காவுக்கு.

நான் அந்தக் கூரை மீது ஏறவில்லை.

நான் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன். சிரிக்கிற சூரியன் படம் போட்ட கம்பெனியில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மாட்டுகிறவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து, நேரில் சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவது என் வேலை. முட்டி போனதிலிருந்து நான் எந்தக் கூரையிலும் ஏறியதில்லை. இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வீடுகளின் முகவரி, போன் எண் பட்டியலை இணைத்திருக்கிறேன். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

மார்ச் 30 அன்று என் மேசைக்கு வந்த அந்த மாதத்தின் பன்னிரண்டு முகவரிகளில் ஒன்று நான் பிறந்த வீடு. அதனுடன் வந்த போட்டோவில் இருந்தது அந்த வீட்டுக் கூரையே இல்லை. பந்து எடுக்க நூறு தடவை ஏறிய கூரை எனக்குத் தெரியாதா? வேறு எவர் வீட்டுக் கூரையையோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இது தப்பு என்று சொன்னால், மற்ற பதினொன்றும் சரி என்று எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்பார். கையெழுத்துப் போட்டேன்.

அக்கா, இனி எழுதுவது உனக்கு. மார்ச் எட்டாம் தேதி உன் கடிதம் வந்ததும் உட்கார்ந்து, 'இன்றே வேண்டாம் என்று எழுதிக் கொடு' என்று ஒரு வரி எழுதினேன். ஏன் என்று நீ கேட்பாய் என்று கிழித்துப் போட்டேன். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராது என்றும் தெரியும். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாவுச் செய்திக்கு மட்டும் போன் என்ற நம் சட்டம் எனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடமாக இருந்தது. ஆறு நாள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினான்காம் தேதி 'தேதியும் தாண்டிவிட்டது' என்று உனக்கு எழுதினேன்.

உன் கடைசிக் கடிதம் நாலே நாளில் நேற்று வந்ததும் என் மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டேன். மகள் என்னிடம் பேசவில்லை.

பூனைக்குட்டி பேசினாளா? அதை மட்டும் எழுது.

(கையெழுத்து)


ஜூலை 2

தம்பிக்கு,

பேசினாள். நேற்றுக் காலை. ஆஸ்பத்திரிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காய்ச்சல் இல்ல அத்தை" என்றாள். நான் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்காக அழுதேன். உனக்காகவும்தான். அதை மறைத்து எழுதி என்ன செய்யப்போகிறேன்?

இதைத் தபாலில் போடவில்லை. நாளை உன்னிடம் நேரில் வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். என் ஒப்பந்தம் ஒரே நாளில் ரத்தாகிவிட்டது. கூரையில் இப்போது வானம் மட்டும்தான் இருக்கிறது. உன் லைசென்ஸ் போகும், வழக்கும் வரும் என்றார். வரட்டும். நான் கோர்ட்டில் பொய் சொல்ல மாட்டேன். உன் மகளின் படிப்பு நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ இணைத்த பட்டியல் என்னைத் தூங்க விடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வீடு. அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகுமாம். மேலதிகாரி கையெழுத்தாகி, அச்சாகி, தபாலில் சேர மூன்று வாரம். வெயில் இன்னும் குறையவில்லை. 'நாங்களே போன் செய்து சொன்னால் தப்பா?' என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூடாதுன்னு சட்டத்துல எங்கேயும் இல்லம்மா" என்றார்.

உன் பட்டியலின் நகலோடு இன்று காலை தச்சர் வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். நானும், வேலை முடிந்து வருகிற தாய்மார்களும், மாற்றி மாற்றி. என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். சுவர் சூடாக இருக்கிறதா, கறுப்புத் தார்ப்பாய், மணல், தண்ணீர் வேண்டாம். பதினேழு வீடு முடிந்தது. அதில் நாலு வீட்டில் சுவர் சுடுகிறது. ஒரு வீட்டில் எடுத்தது ஒரு கிழவர், சுவருக்குப் பக்கத்தில்தான் கட்டில் என்றார்.

நான் பட்டியலின் மேலிருந்து வருகிறேன். நீ கீழிருந்து வா. உன் வாயால் சொல், உன் பெயரைச் சொல். திட்டுவார்கள், கேட்டுக்கொள். போனை வைக்காதே.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் என் வீடு இருக்கிறது. புதுப் போன் வாங்கி வைத்திருக்கிறேன், அதே எண்தான். அந்த வரிசைக்கு வரும்போது அதையும் விட்டுவிடாமல் அடி. எடுப்பேனா மாட்டேனா என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

மணி அடிக்கட்டும்.

அக்கா